சிக்னலில் நடுங்கும் பழைய கார்: பாகம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒன்று ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒரு சிலிண்டர் எரியும். கணக்குப் போட்டால் ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு ஆறு தடவை, நான்கும் சேர்ந்து இருபத்தைந்து தடவை. இதில் ஒன்று மட்டும் எரியத் தவறினால் விநாடிக்கு ஆறு முறை இன்ஜின் நொண்டுகிறது. ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் வந்து சேரும் நடுக்கம் அதுதான். 3000 சுற்றில் போகும்போதும் அதே கோளாறு உள்ளே இருக்கும். ஆனால் அந்த வேகத்தில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் அதை விழுங்கிவிடும். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றும் பெட்ரோலும் மிகச் சொற்பம் என்பதால், ஹோஸில் விழுந்த சிறு விரிசல்கூட அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். சின்னக் கோளாறெல்லாம் முதலில் சிக்னலில் நிற்கும்போது தலைகாட்டுவது இதனால்தான்.

ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே ஒரே கோளாறு இருப்பது அபூர்வம். பாதி தேய்ந்த பிளக், கரி பிடித்த த்ராட்டில் (உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தட்டு), இறுகிப்போன ரப்பர் ஹோஸ் என்று மூன்று நான்கு சேர்ந்திருக்கும். தனித்தனியாக இருந்தால் எதுவும் தெரியாது, சேர்ந்தால் வண்டி நடுங்கும். ஒரு பாகத்தை மாற்றுகிறோம், கொஞ்சம் குறைகிறது, இரண்டு வாரத்தில் திரும்ப வருகிறது. ஊகத்தில் பாகம் மாற்றுகிறவர்கள் பணத்தை இழப்பது இப்படித்தான். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வேலையைத்தான் சொல்லித்தருகிறது: ஒவ்வொரு சோதனையிலும் சந்தேகப் பட்டியலில் பாதியை அடித்துவிட்டு மீதியோடு அடுத்ததற்குப் போவது.

தொடங்கும் முன் சில எச்சரிக்கைகள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஃபேனும் பெல்ட்டும் சுற்றும் இடத்துக்கு அருகே தொங்கும் துணியோ அவிழ்ந்த முடியோ போகக் கூடாது. இன்ஜின் லைட் நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிச் சென்று பார்க்கலாம். அது விட்டுவிட்டு மின்னினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி, அதற்குமேல் ஓட்டாமல் இருப்பதே நல்லது. ஆயில் லைட் எரிந்தாலோ டெம்பரேச்சர் முள் ஏறினாலோ உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

முதல் வேலை: எப்போது நடுங்குகிறது?

ஒரு நோட்டு எடுத்து மூன்று நாள் கவனித்து எழுதுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நடுங்கி, சூடானதும் சரியாகிறதா? சூடான பிறகுதான் தொடங்குகிறதா? ஏசி போட்டால் மட்டுமா? பிரேக்கை மிதிக்கும்போது மாறுகிறதா? பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளப்பும்போதா? மழை நாளில் கூடுகிறதா?

ஒவ்வொரு பதிலும் ஒரு திசையைக் காட்டும். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் நடுங்கினால் காற்றுக் கசிவு, கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார், தேய்ந்த பிளக் என்று யோசிக்கலாம். சூடானதும் தொடங்கினால் வெப்பத்தில் தளரும் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்), சென்சார், வால்வு இடைவெளி. பிரேக்கை மிதித்தால் ஐடில் மாறுவது மிதியின் அழுத்தத்தைக் கூட்டும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்கும் ஹோஸ் அல்லது பூஸ்டரே கசிவதன் அடையாளம். பெட்ரோல் நிரப்பியவுடன் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து ஒரு நிமிடம் தடுமாறினால், டேங்கின் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே நிற்கக்கூடும். ஈரமான நாளில் கூடினால் மின்சாரம் வழி தவறுகிறது, காயிலையும் வயரையும் பாருங்கள்.

நடுக்கத்தின் தாளத்தையும் கேளுங்கள். ஒரே சீராக, நொண்டுகிறவர் நடப்பதுபோல் வந்தால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் வேலை செய்யவில்லை. எப்போதாவது ஒரு உதறல் மட்டும் வந்தால் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒன்று. ஆர்பிஎம் முள் ஏறி இறங்கி ஊசலாடினால் அதை மெக்கானிக்குகள் ஹண்டிங் என்பார்கள். அது பெரும்பாலும் காற்றின் அளவு சம்பந்தப்பட்டது.

முள் அசையவே இல்லை, சத்தமும் சீராக இருக்கிறது, ஆனால் வண்டி அதிர்கிறது என்றால் இன்ஜினைத் தொடவே வேண்டாம். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் அமுங்கிப்போயிருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை அழுத்திக்கொண்டு டி-யிலும் பிறகு நியூட்ரலிலும் வைத்துப் பாருங்கள். டி-யில் அதிர்ந்து நியூட்ரலில் அடங்கினால் மவுண்டிங் மேல் சந்தேகம் வலுக்கிறது. நன்றாக இருக்கும் இன்ஜினுக்கு காயிலும் பிளக்கும் மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மவுண்டிங்கை யாரும் முதலில் நினைப்பதில்லை.

பானெட்டைத் திற, கருவி வேண்டாம்

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் பாடிக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள், விரிசல் அந்த மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு, நிறம். ஆயில் பால் கலந்த காபிபோல் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம், அப்போது இன்ஜினை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. கூலன்ட் அளவு. பேட்டரி முனைகளில் பூத்த வெள்ளை உப்பு. இன்ஜின் நின்று சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை. மின்னழுத்தம் குறைந்தால் காயிலும் இன்ஜெக்டரும் தளர்ந்து வேலை செய்யும், நீங்கள் இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் அசைத்துப் பாருங்கள்.

சைலன்சர் புகை: நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம், சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது.

ஸ்கேனர் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

ஓபிடி போர்ட்டில் செருகி ப்ளூடூத் வழியாகப் போனோடு பேசும் சிறு கருவி போதும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு முனை சாக்கெட் அது. கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுக் குறியீடுகளைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். அழிக்காதீர்கள். அழித்தால் கோளாறு பிடிபட்ட நேரத்தில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்ற பதிவும் சேர்ந்து போய்விடும். அந்த ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவில் ஆர்பிஎம், கூலன்ட் சூடு, லோடு எல்லாம் இருக்கும். உங்கள் நோட்டில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பி0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது எரியத் தவறுகிறது, பி0302 இரண்டாவது, இப்படியே போகும். பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்று என்றில்லாமல் மாறி மாறி மிஸ் ஆகிறது. பி0171 காற்று மிகுதி, பி0172 பெட்ரோல் மிகுதி. இங்கே புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுண்டு. பி0171 ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சொன்ன செய்தி. செய்தி சொன்னவரையே மாற்றிவிட்டு வருகிறார்கள். சென்சார் புதிதானாலும் காற்று மிகுதியாகத்தான் இருக்கும், லைட் மறுபடி எரியும்.

குறியீட்டைவிட எனக்குப் பயன்பட்டது ஃப்யூல் ட்ரிம். பெட்ரோல் முழுமையாக எரிய எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். அந்த விகிதம் தவறும்போது கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியது, குறைத்தது என்பதே ட்ரிம். உடனடி ட்ரிம், நீண்டகால ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பூஜ்யத்துக்கு இரு பக்கமும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை.

சூடான இன்ஜினில் ஐடிலில் ஒருமுறை, நியூட்ரலில் 2500 சுற்றில் நிலையாகப் பிடித்து ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். ஐடிலில் கூட்டல் 20, 2500-ல் கூட்டல் 4 என்று வந்தால் எங்கோ காற்று கசிகிறது. கசியும் காற்றின் அளவு ஏறக்குறைய அதேதான். ஐடிலில் அது பெரிய பங்கு, வேகத்தில் சிறு பங்கு. மாறாக, ஐடிலில் ஓரளவு சரியாக இருந்து வேகமும் லோடும் கூடக் கூட ட்ரிம் ஏறினால், பெட்ரோல் போதவில்லை: ஃபில்டர், பம்ப் அல்லது காற்றைக் குறைத்து அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். எல்லா நிலையிலும் கழித்தல் பக்கம் போனால் கசியும் இன்ஜெக்டர், திறந்தே நிற்கும் பர்ஜ் வால்வு, தவறான டெம்பரேச்சர் சென்சார். ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். காற்றின் எடையை அளக்காமல் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) அழுத்தத்தை மட்டும் அளக்கும் கார்களில் காற்றுக் கசிவு ட்ரிம்மில் அவ்வளவாகத் தெரியாமல், ஐடில் வேகம் ஏறி நிற்பதாகத் தெரியும். உங்கள் வண்டி எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்கேனர் கையில் இருக்கும்போதே இன்னொன்று. இரவு முழுக்க நின்ற காரில் காலையில் சாவியை மட்டும் ஆன் செய்து கூலன்ட் சூட்டையும் உள்ளே வரும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 28, இன்னொன்று 5 என்றால் அதில் ஒரு சென்சார் பொய் சொல்கிறது. கூலன்ட் கழித்தல் 40 காட்டினால் வயர் அறுந்திருக்கும் அல்லது பிளக் கழன்றிருக்கும். இன்ஜின் குளிரில் இருப்பதாக நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டும்.

காற்றுக் கசிவைத் தேடுவது

பழைய காரில் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். ரப்பர் வருடக்கணக்கில் சூட்டில் இருந்து இறுகி, விரல் பட்டால் நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும். பார்க்க வேண்டிய இடங்கள்: இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி வால்வும் அதன் ஹோஸும், பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் அடியில் இருக்கும் ஓ-ரிங், டிப் ஸ்டிக் ரப்பர், ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பர்.

இன்ஜின் ஐடிலில் இருக்க, சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் சிறிதளவு தெளியுங்கள். காயில், வயர் கனெக்டர் பக்கம் போக வேண்டாம். ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும், அந்த நொடியில் ஐடில் சத்தம் மாறும். கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துத் தேடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் தீப்பிடிக்கக்கூடிய திரவம் அது, புதியவர்கள் செய்ய வேண்டாம். மிகச் சரியான வழி ஸ்மோக் டெஸ்ட். இன்டேக்குக்குள் புகையைச் செலுத்தினால் ஓட்டை வழியே கண்ணுக்கு முன் வெளியே வரும். நான்கு பாகம் ஊகத்தில் வாங்குவதற்குப் பதில் அந்த ஒரு சோதனைக்குக் கொடுங்கள்.

வேக்கும் கேஜ் இருந்தால் அதையும் மாட்டலாம். கடல் மட்டத்துக்கு அருகே நல்ல நிலையிலுள்ள இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை நிலையாகக் காட்டும். உயரம் கூடக் கூட, ஆயிரம் அடிக்குச் சுமார் ஒரு அங்குலம் குறையும். முள் சீரான இடைவெளியில் கீழே வெட்டி வெட்டி விழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகியுங்கள்.

எந்த சிலிண்டர்?

நொண்டல் சீராக இருந்தால் குற்றவாளி சிலிண்டரைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நன்றாக வேலை செய்யும் சிலிண்டரைக் கழற்றினால் நடுக்கம் கூடும். கழற்றியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் ஏற்கெனவே செத்த சிலிண்டர். காயிலைக் கழற்றாமல் இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காயிலைக் கழற்றினால் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குப் போகும். காயில் உருவாக்குவது பல்லாயிரம் வோல்ட், கைக்கும் ஆபத்து. நேரடி இன்ஜெக்ஷன் கார்களில் இன்ஜெக்டரை எட்டவும் முடியாது, அங்கே ஸ்கேனரில் தெரியும் மிஸ்ஃபயர் எண்ணிக்கையை நம்புங்கள்.

இரண்டாவது சிலிண்டர் என்று தெரிந்துவிட்டது. இன்ஜினை அணைத்து, இரண்டாவதின் காயிலை மூன்றாவதில் மாட்டுங்கள். மிஸ்ஃபயர் மூன்றாவதுக்கு நகர்ந்தால் காயில்தான். நகரவில்லையா? பிளக்கை இடம் மாற்றுங்கள். அதற்கும் நகரவில்லையென்றால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம்). ஒரு பைசா செலவில்லாத சோதனை இது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதே நிபந்தனை.

பிளக்கைக் கழற்றும்போது இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டில் மரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கழற்றும் முன் குழிக்குள் எட்டிப் பாருங்கள். அங்கே ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கெட் கசிகிறது, அந்த ஆயில் காயிலின் ரப்பரைக் கெடுத்து மின்பொறியை வழி மாற்றிவிடும். அப்போது பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. வெளியே வந்த பிளக்குகளை சிலிண்டர் வரிசைப்படி அடுக்கி வையுங்கள். வெளிர் பழுப்பு நிறம் ஆரோக்கியம். காய்ந்த கரி படிந்தால் பெட்ரோல் மிகுதி, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் உள்ளே ஆயில் வருகிறது, வெளுத்துக் கொப்புளித்திருந்தால் காற்று மிகுதி அல்லது அதிக சூடு. மற்ற மூன்றும் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் இருந்தால் அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் போகிறதா என்று பாருங்கள். நிக்கல் முனை பிளக்குகள் பொதுவாக 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை, இரிடியம் 1,00,000 வரை தாங்கும். முனைகளின் இடைவெளி உங்கள் வண்டிக் கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும்.

சுத்தம் செய்து பார்க்க வேண்டியவை

த்ராட்டில் பாடியில் கரி படிந்தால் ஐடிலுக்கான மெல்லிய காற்று வழி அடைபடும். துணியில் கிளீனரை நனைத்துத் துடையுங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டிலில் சாவி ஆனாக இருக்கும்போது தட்டை விரலால் தள்ளாதீர்கள். சுத்தம் செய்தபின் சில நாள் ஐடில் ஏறி நிற்கலாம், சில வண்டிகளுக்கு ஸ்கேனரில் ஐடிலைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கும். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாருக்கு அதற்கென்று விற்கும் கிளீனர் மட்டுமே, கை படக் கூடாது. புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்குள் திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வு கரியால் திறந்தபடி சிக்கினால் ஐடிலில் தடுமாறும், வேகத்தில் ஒன்றும் தெரியாது.

கம்ப்ரஷன்: கடைசியில் வைக்காதீர்கள்

என் கார் 1,80,000 கிலோமீட்டரைத் தாண்டியபோது சூடானதும் நடுங்க ஆரம்பித்தது. காலையில் பூப்போல ஓடும். அரை மணி நேரம் ஓட்டி சிக்னலில் நின்றால் மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங். ஒரு பட்டறையில் பிளக் மாற்றினார்கள், பிறகு காயில், பிறகு இன்ஜெக்டர் சுத்தம். ஒன்றும் மாறவில்லை. கம்ப்ரஷன் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது என்றார்கள். இரவு நின்ற வண்டியை காலையில் குளிர்ந்த நிலையில் பார்த்திருக்கிறார்கள். ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு நானே கேஜ் மாட்டியபோது மூன்று சிலிண்டர் 12 பார், மூன்றாவது மட்டும் 8. வால்வு இடைவெளி இறுகிப்போயிருந்தது. சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு நீண்டு, முழுதாக மூட இடமில்லாமல் நின்றிருக்கிறது. டேப்பட் செட்டிங் செய்ததும், அதாவது அந்த இடைவெளியைச் சரிசெய்ததும், நடுக்கம் போயிற்று. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் அந்த வால்வு கருகியிருக்கும்.

வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர் இல்லாத இன்ஜின்களில், குறிப்பாக எரிவாயுவில் ஓடிய வண்டிகளில், இது அடிக்கடி வரும். அதனால் காயில் இடம் மாற்றியும் மிஸ்ஃபயர் நகரவில்லை என்றால் அடுத்த பாகம் வாங்கும் முன் கம்ப்ரஷன் பாருங்கள்.

முறை இது: இன்ஜின் சூடாக ஓடி, பிளக் கழற்றும் அளவுக்கு மட்டும் ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் பம்பின் ஃப்யூஸையும் காயில் கனெக்டர்களையும் கழற்றுங்கள். எல்லாப் பிளக்கையும் எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு துடிப்பு வரும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின் 10 முதல் 14 பார் வரை காட்டும். எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பதே முக்கியம். 15 சதவீதத்துக்கு மேல் போனால் விஷயம் இருக்கிறது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட்.

எல்லாம் சமமாக, ஆனால் தாழ்வாக இருந்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஓரிரு விநாடி சங்கிலி உரசும் சத்தமும் கேட்டால் டைமிங் செயின் நீண்டிருக்கலாம். டைமிங் பொருந்தவில்லை என்று சொல்லும் பி0016 குறியீடும் கூட வந்தால் சந்தேகம் உறுதியாகும். அதைத் தள்ளிப்போடாதீர்கள். செயின் பல் தாண்டினால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு

ஸ்பார்க் பிளக் கிடையாது என்பதால் பாதை சுருங்குகிறது. குளிரில் மட்டும் நடுங்கி வெள்ளைப் புகை வந்தால் குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக். டீசல் ஃபில்டர் மாற்றிய பிறகு தொடங்கினால் குழாயில் காற்று. ஒரு சிலிண்டர் மட்டும் நொண்டினால் ஒவ்வொரு இன்ஜெக்டரும் திரும்ப விடும் டீசலை பாட்டிலில் பிடித்து ஒப்பிடுங்கள், அதிகமாகத் திரும்ப விடுவது தேய்ந்த இன்ஜெக்டர். எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் காமன் ரெயில் குழாயில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், அங்கே நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய வழக்கம் தோலைத் துளைத்து உள்ளே டீசலைச் செலுத்திவிடும். அந்தப் பக்கம் கை வைக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் குறியீடுகளை இப்போது அழியுங்கள். இரண்டு மூன்று நாள், குளிர்ந்த ஸ்டார்ட்டும் நீண்ட ஓட்டமும் கலந்து ஓட்டிவிட்டு, அதே இரண்டு நிலையில் ஃப்யூல் ட்ரிம்மை மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். கூட்டல் 20 இருந்த இடத்தில் 3 வந்தால் கசிவு அடைபட்டுவிட்டது. 11-க்கு மட்டும் இறங்கியிருந்தால் இரண்டாவது ஓட்டை இன்னும் இருக்கிறது, சோப்புத் தண்ணீர் பாட்டிலை மறுபடி எடுங்கள்.